மாகாணம் விட்டு மாகாணம் வேட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓகஸ்ட் பிறந்தால் போதும், என் ஃபோன் அடிக்கத் தொடங்கிவிடும். "அண்ணை, கல்கரியில மச்சான் இருக்கிறான், மான் வேட்டைக்கு வரச் சொல்லுறான், என்னென்ன பேப்பர் வேணும்?" ஒரே கேள்வியைப் பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

நான் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் இருப்பவன். பத்துப் பன்னிரண்டு வருடமாக இலையுதிர் காலத்தில் காட்டுக்குப் போய் வருகிறேன். வழக்கறிஞர் இல்லை. கேள்விகளை வந்த பேச்சிலேயே போட்டிருக்கிறேன். லைசன்ஸ் கட்டணமும் பருவத் திகதிகளும் வருடாவருடம் மாறும் என்பதால் அவற்றை எழுதவில்லை. போகப்போகும் மாகாணம் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் வேட்டை விதிச் சுருக்கத்தைப் பாருங்கள். இதில் உள்ள மற்ற விதிகளையும் புறப்படும் முன் அதோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

"ஒன்ராறியோ லைசன்ஸ் கனடா முழுக்கச் செல்லும்தானே, கார் லைசன்ஸ் மாதிரி?"

செல்லாது. கனடாவில் காட்டு விலங்குகள் மாகாணங்களின் பொறுப்பு. மான், மூஸ் என்ற பெரிய மான் வகை, கரடி, முயல் எல்லாவற்றுக்கும் அந்தந்த மாகாணமே விதி எழுதுகிறது, அதுவே லைசன்ஸ் விற்கிறது. ஒட்டாவா ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறு சட்டம். ஒன்ராறியோவின் அவுட்டோர்ஸ் கார்ட் என்ற வேட்டை அடையாள அட்டையைக் கியூபெக்கில் நீட்டினால், நீங்கள் வெளியாள் என்பதற்கு அதுவே சாட்சி.

"அப்ப மொத்தம் எத்தனை பேப்பர் வேணும்?"

மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது துவக்கு வைத்திருக்கும் லைசன்ஸ். இது மத்திய அரசு தருவது, ஐந்து வருடம் செல்லுபடியாகும், கனடா முழுவதும் ஒன்றே. பி.ஏ.எல். என்ற மூன்றெழுத்தைச் சேர்த்து எல்லோரும் 'பால்' என்பார்கள். "பால் முடிஞ்சு போச்சு, புதுப்பிக்கோணும்" என்று நான் ஃபோனில் சொல்லிக்கொண்டிருக்க, மனைவி ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்த கதையும் உண்டு.

இரண்டாவது, வேட்டைப் பயிற்சி முடித்த சான்று. மூன்றாவது, போகும் மாகாணத்தின் வேட்டை லைசன்ஸ். பெரிய விலங்கு என்றால் அதோடு டேக்கும், அதாவது அந்த விலங்கைச் சுட அனுமதிக்கும் சீட்டும் வரும். இந்த மூன்றாவதுதான் மாகாணத்துக்கு மாகாணம் மாறுவது, குழப்பமெல்லாம் அதில்தான். அதை வாங்குவதற்கு முன்பு அந்த மாகாணத்தில் ஓர் அடையாள எண்ணும் எடுக்க வேண்டியிருக்கும். அல்பேர்ட்டாவில் அதற்கு 'வின்' கார்ட் என்று பெயர், பிரிட்டிஷ் கொலம்பியாவில் எஃப்.டபிள்யூ.ஐ.டி. புறப்படுவதற்கு முதல் நாள் இரவு இதைத் தொடங்காதீர்கள்.

"நான் கனேடியன் சிட்டிசன். என்னைப் போய் வெளியாள் எண்டு எப்படிச் சொல்லலாம்?"

சொல்லலாம், சொல்வார்கள். இங்கே 'வதிவாளர்' என்றால் அந்த மாகாணத்தில் குடியிருப்பவர். நீங்கள் எங்கே படுத்து எழும்புகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

ஒன்ராறியோவில் உங்கள் பிரதான வீடு அங்கே இருக்க வேண்டும், விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்களில் தொடர்ந்து 6 மாதமாவது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். கியூபெக் முந்தைய ஒரு வருடத்தில் 183 நாள் கேட்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சிட்டிசன் அல்லது பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை பெற்றவர்) ஆக இருப்பதோடு, கடந்த 12 மாதங்களில் 6 மாதங்கள், ஒவ்வொரு மாதத்திலும் பெரும்பகுதி, உடல் அங்கே இருந்திருக்க வேண்டும்.

பெரும்பாலான மேற்கு மாகாணங்களில் மூன்று வகுப்பு உண்டு: உள்ளூரார், பிற மாகாணக் கனேடியர், வெளிநாட்டவர். நடு வகுப்புக்குள் பி.ஆர். உள்ளவர்களும் வருவார்கள். ஒன்ராறியோ வேட்டையில் அந்த நடு வகுப்பு இல்லை. மொன்றியலில் இருந்து வந்தாலும் மிச்சிகனில் இருந்து வந்தாலும் 'வெளியார்' லைசன்ஸ்தான்.

"கியூபெக்கில கொட்டேஜ் வைச்சிருக்கிறன், வருசா வருசம் வரி கட்டுறன். அங்க நான் உள்ளூராள்தானே?"

இல்லை. வரிச்சீட்டு வேட்டைக்கு உதவாது. மேலே சொன்ன 183 நாள்தான் கணக்கு.

"போன மாசம்தான் கல்கரிக்கு வீடு மாறினனாங்கள். ஆறு மாசம் காத்திருக்கோணுமோ?"

அல்பேர்ட்டாவில் தேவையில்லை. சிட்டிசன் அல்லது பி.ஆர். என்றால், உங்கள் ஒரே வீடோ பிரதான வீடோ அல்பேர்ட்டாவில் இருந்தால் போதும். வேலை அனுமதியிலோ படிப்பு அனுமதியிலோ வந்தவர் என்றால் கனடாவில் 12 மாதம் வாழ்ந்திருக்க வேண்டும். இதையே பிரிட்டிஷ் கொலம்பியாவில் கேட்டிருந்தால் பதில் தலைகீழ்.

ஒன்று கவனியுங்கள். பிரதான வீடு ஒருவருக்கு ஒன்றுதான். பழைய ஒன்ராறியோ முகவரியை வைத்துக்கொண்டு அங்கேயும் உள்ளூர் லைசன்ஸ் எடுப்பது பொய்த் தகவல் கொடுப்பதாகும். ஹெல்த் கார்டும் ஓட்டுநர் லைசன்ஸும் எந்த மாகாணம் என்று அதிகாரி பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

"ஒன்ராறியோவில எடுத்த வேட்டைக் கோர்ஸ் அங்க செல்லுமோ, திரும்பப் படிக்கோணுமோ?"

பொதுவாகச் செல்லும். ஒரு மாகாணத்தின் வேட்டைப் பயிற்சிச் சான்றை மற்றவை ஏற்றுக்கொள்வதுதான் வழக்கம். மூலச் சான்றையோ அட்டையையோ கையில் வைத்திருங்கள். வில் வேட்டைக்கு மட்டும் தகுதி பெற்றவர்கள் அதைச் சொல்லியே விசாரியுங்கள். அந்த அட்டையோடு துவக்கு வேட்டைக்குப் போக முடியாது.

"வழிகாட்டி வைக்காம நாங்களே போகேலாதோ?"

இதில்தான் பலருடைய திட்டம் உடைகிறது. பெரிய விலங்கு என்றால், அதாவது மூஸ், எல்க், கரடி, மான் வகைகள் என்றால், வெளியார் தனியாகக் காட்டுக்குள் போவதைப் பல மாகாணங்கள் விடுவதில்லை.

நியூஃபவுண்ட்லாந்தில் வெளியாருக்குப் பெரிய விலங்கு லைசன்ஸ் அவுட்ஃபிட்டர் என்ற அனுமதி பெற்ற வேட்டை நிறுவனங்கள் ஊடாகத்தான். அங்கே மூஸ் கொழிக்கும் கதை சுவையானது. அந்தத் தீவில் மூஸ் இயற்கையாக இருந்ததே இல்லை. 1904இல் நியூ பிரன்ஸ்விக்கில் இருந்து கொண்டுவந்து விட்ட நான்கு மூஸின் வம்சம் இன்று ஒரு லட்சத்துக்கு மேல். அத்தனை இருந்தும் நாமாகப் போய் ஒன்றைச் சுட முடியாது.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் அவுட்ஃபிட்டரோடு போகலாம், அல்லது உள்ளூர்க்காரர் ஒருவர் 'கூட்டிச் செல்லும் அனுமதி' எடுத்து உங்களைக் கொண்டுபோகலாம். அல்பேர்ட்டாவிலும் அதேபோல 'ஹன்டர் ஹோஸ்ட்' என்று ஒரு லைசன்ஸ். அங்கே ஓநாய்க்கும் கொயோட்டிக்கும்கூட இந்த விதி உண்டு. இரண்டு இடத்திலும் கூட்டிப்போகிறவர் காசு வாங்கக் கூடாது. பெற்றோல் செலவைப் பகிர்வது வேறு, 'ஆளுக்கு ஐந்நூறு டொலர்' என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் போடுவது வேறு. யூக்கோனிலும் பிற மாகாணக் கனேடியரை உள்ளூர்க்காரர் கூட்டிப்போகத் தனி லைசன்ஸ் இருக்கிறது.

ஒன்ராறியோவில் வெளியார் மான் வேட்டைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. மூஸுக்கு உண்டு: அனுமதி பெற்ற சுற்றுலா நிறுவனத்தின் விருந்தினராகவோ, அங்கே வாழும் நெருங்கிய உறவினரோடோதான் போக வேண்டும். கியூபெக்கில் 52ஆம் அகலக்கோட்டுக்கு வடக்கே போனால் வெளியாருக்கு அவுட்ஃபிட்டர் கட்டாயம். அவர்கள் அதைப் 'பூர்வுவாரி' என்பார்கள்.

சில விலங்குகளுக்கு எவ்வளவு காசு கொடுத்தாலும் வழியில்லை. ஒன்ராறியோ எல்க் உள்ளூராருக்கு மட்டும். கியூபெக்கில் கரிபூ என்ற மான் வகையின் விளையாட்டு வேட்டை 2018 முதல் மூடியிருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிறிஸ்லி கரடி வேட்டையை 2017 டிசம்பரில் நிறுத்தினார்கள். பிரின்ஸ் எட்வர்ட் தீவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அங்கே மானும் இல்லை, மூஸும் இல்லை, கரடியும் இல்லை.

"எங்கட அண்ணா அங்கதான் இருக்கிறார். அவரோட போனால் அவுட்ஃபிட்டர் தேவையில்லையாமே?"

எந்த மாகாணம், எந்த அண்ணா? நம் பேச்சில் பெரியப்பாவின் மகனும் அண்ணா, பக்கத்து வீட்டுக்காரரும் அண்ணா. சட்டம் உறவுகளைப் பெயர் சொல்லி அடுக்கி வைத்திருக்கிறது. ஒன்ராறியோ மூஸ் லைசன்ஸுக்கு 'நெருங்கிய உறவினர்' என்ற அந்த வரையறையை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். பெரியப்பாவின் மகனைச் 'சகோதரர்' என்று எழுதினால் நமக்கு அது சாதாரணம், அவர்களுக்கு அது பொய். இதை நான் சொன்னபோது ஒருவர் கோபித்துக்கொண்டு, "ஒரே வீட்டில வளர்ந்தனாங்கள்" என்றார். உண்மைதான். பிறப்புச் சான்றிதழில் அது இருக்காதே.

மேற்கில் பரவாயில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அல்பேர்ட்டாவிலும் நீங்கள் சிட்டிசன் அல்லது பி.ஆர். என்றால், மேலே சொன்ன அனுமதிக்கு உறவு கட்டாயமில்லை. மச்சானும் போதும், நண்பரும் போதும். வெளிநாட்டில் இருந்து வருபவருக்குத்தான் உறவைக் கேட்பார்கள்.

"காட்டுத் தாராவுக்கும் இதே கதைதானோ?"

அரைவாசி. தாரா, கனடா கூஸ் போன்ற வலசைப் பறவைகள் மத்திய அரசின் பொறுப்பு. 1916இல் பிரித்தானியா கனடாவுக்காக அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தத்தில் இருந்து வந்த ஏற்பாடு இது. மத்திய அரசின் பறவை வேட்டை அனுமதி ஒன்றுதான், முத்திரையோடு வரும், எல்லா மாகாணத்துக்கும் பொது. ஆனால் அதோடு மாகாணத்தின் சிறு விலங்கு லைசன்ஸையும் பெரும்பாலான இடங்களில் கேட்பார்கள், ஒன்ராறியோ உட்பட. மத்திய அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டு சதுப்பு நிலத்தில் நிற்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

தாராவுக்கும் கூஸுக்கும் ஈயச் சன்னம் கூடாது. ஸ்டீல் போன்ற நச்சற்ற சன்னம்தான். துவக்கில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பும் போட்டிருக்க வேண்டும்.

"துவக்கைக் காரில எப்படிக் கொண்டு போறது? மாகாண எல்லையில காட்டோணுமோ?"

மாகாண எல்லையில் சாவடி இல்லை, யாரும் கேட்கமாட்டார்கள். வழக்கமான வேட்டைத் துவக்குக்குப் போக்குவரத்து அனுமதியும் வேண்டாம். தோட்டா நீக்கியிருக்க வேண்டும். காரை விட்டுக் கோப்பி குடிக்க இறங்கினால் டிக்கியில் வைத்துப் பூட்ட வேண்டும். டிக்கி இல்லாத வண்டி என்றால் வெளியே தெரியாமல் மறைத்து, வண்டியைப் பூட்ட வேண்டும். ஒன்ராறியோவில் காட்டு விலங்கு உள்ள பகுதிகளில் சூரியன் மறைந்து அரை மணி கழித்து, உதயத்துக்கு அரை மணி முன்பு வரை துவக்கு உறைக்குள் இருக்க வேண்டும்.

கியூபெக்கில் நீண்ட துவக்குகளுக்கு மாகாணப் பதிவேடு ஒன்று தனியாக இருக்கிறது. குறுகிய காலம் வந்து போகிறவர்களுக்கு விலக்கு உண்டு, நாள் கணக்கைப் போகும் முன் சரிபாருங்கள். விமானத்தில் போவதென்றால் பூட்டிய கெட்டியான பெட்டி, கவுண்டரில் அறிவிப்பு, தோட்டா 5 கிலோவுக்குள். அப்புறம், 2020 மே மாதத்தில் தடை செய்த சுமார் 1,500 மாதிரிகளின் பட்டியல் பின்பு இன்னும் நீண்டிருக்கிறது. பழைய துவக்கை இரவல் வாங்குகிறவர்கள் அதன் மாதிரிப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

"கல்கரிக்கு ஜிபிஎஸ் அமெரிக்கா ஊடாகத்தான் பாதை காட்டுது. அதால போனால் என்ன?"

துவக்கோடு போகவே போகாதீர்கள். மிச்சிகன் வழி நேரம் மிச்சம் என்பது உண்மை. ஆனால் அமெரிக்காவுக்குள் துவக்கு கொண்டுபோக அவர்களுடைய படிவம் 6என்.ஐ.ஏ. முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லையில் நின்று விண்ணப்பிக்கும் விஷயமல்ல அது. சுப்பீரியர் ஏரியைச் சுற்றி நம் நாட்டுக்குள்ளேயே ஓட்டுங்கள். வாவா பக்கம் காட்சியும் நன்றாக இருக்கும்.

"லண்டனில இருந்து மாமா வாறார். ஆள் ஒரு நாள் துவக்கு பிடிச்சுப் பார்க்கோணும் எண்டு நிக்கிறார்."

மாமா வெளிநாட்டவர் வகுப்பில் வருவார். சொந்தத் துவக்கைக் கொண்டுவந்தால் எல்லைச் சுங்கத்தில் அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். கட்டணம் 25 டொலர், உறுதிப்படுத்தினால் 60 நாளுக்குத் தற்காலிக லைசன்ஸ் போலச் செல்லும். கொண்டுவராவிட்டால், லைசன்ஸ் உள்ள நீங்கள் பக்கத்திலேயே நின்று நேரடியாகக் கண்காணிக்க உங்கள் துவக்கைப் பிடிக்கலாம். எது என்றாலும் வேட்டை லைசன்ஸும் பயிற்சிச் சான்றும் அவருக்குத் தனியாக வேண்டும். 'பிடிச்சுப் பார்ப்பது' மட்டும் ஆசை என்றால் ஒரு சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போங்கள், செலவு குறைவு.

"என்ர டேக்கில மச்சான் சுட்டால் பிழையோ? ஒன்ராறியோவில எல்லாரும் அப்பிடித்தானே செய்யீனம்?"

ஒன்ராறியோவில் அது முறையான கூட்டு வேட்டை. எல்லோரிடமும் அந்த விலங்குக்கான லைசன்ஸ் இருக்க வேண்டும், சேர்ந்து வேட்டையாட வேண்டும், டேக் வைத்திருப்பவரிடம் இருந்து 5 கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும், ஒருவரோடு ஒருவர் பேசும் வசதி இருக்க வேண்டும். இந்தப் பழக்கத்தோடு அல்பேர்ட்டாவுக்கோ பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கோ போகிறவர்கள் அகப்படுகிறார்கள். அங்கே உங்கள் டேக்கில் உள்ள விலங்கை நீங்கள்தான் சுட வேண்டும்.

ஸ்காபரோவில் வீட்டில் இருந்துகொண்டு டேக்கை மட்டும் கொடுத்துவிடுவது ஒன்ராறியோவிலும் குற்றம். அங்கே வனவிலங்குச் சட்டத்தில் அபராதம் 25,000 டொலர் வரை, ஒரு வருடச் சிறை வரை போகலாம். துவக்குக் குற்றங்கள் இன்னும் பாரதூரமானவை, அவை குற்றவியல் சட்டத்தின் கீழ் வருகின்றன. பி.ஆர். உள்ளவர்களுக்கு அப்படி ஒரு தீர்ப்பு வதிவிட உரிமையிலேயே கைவைக்கலாம். அந்த நிலை வந்தால் என்னைக் கேட்காதீர்கள், வழக்கறிஞரைக் கேளுங்கள்.

"வேலியும் இல்லை, போர்டும் இல்லை. அந்தக் காணிக்குள்ள போகலாம்தானே?"

சஸ்காச்சுவானில் 2022 ஜனவரி 1 முதல் தனியார் காணிக்குள் போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முன் அனுமதி வேண்டும். ஒன்ராறியோவில் பயிர் செய்த நிலத்துக்கும் வேலியடைத்த நிலத்துக்கும் போர்டே தேவையில்லை, நுழையக் கூடாது என்றுதான் அர்த்தம். எந்த மாகாணமானாலும் வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்ட விவசாயிகளில் பாதிப்பேர் சம்மதித்திருக்கிறார்கள். அடுத்த வருடம் போகும்போது ஒரு டப்பா மிக்சர் கொண்டுபோவேன்.

அரச காணியில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தேசியப் பூங்காவும் அரச காணியும் ஒன்றல்ல. தேசியப் பூங்காக்களில் நமக்கு வேட்டையே கிடையாது, மாகாணப் பூங்காக்களிலும் பெரும்பாலும் கிடையாது.

"சுட்ட மானைத் தலையோட அப்பிடியே வீட்டை கொண்டு வரலாமோ? கொம்பைச் சுவரில மாட்டோணும்."

கிரானிக் வேஸ்டிங் டிசீஸ் என்ற நோய்தான் இங்கே பிரச்சினை. மான் குடும்பத்தின் மூளையைத் தின்னும் நோய். மருந்தில்லை. சஸ்காச்சுவான் பண்ணையில் 1996இல் கண்டுபிடித்தார்கள். அல்பேர்ட்டாவின் காட்டு மான்களில் 2005, கியூபெக் பண்ணையில் 2018, மனிற்றோபாவில் 2021, பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2024 என்று பரவிக்கொண்டே வருகிறது. நோயுள்ள தலையும் முள்ளந்தண்டும் ஊர் மாறினால் நோயும் ஊர் மாறும்.

அதனால் வெளியில் சுட்ட மான் வகைகளின் மூளை, கண், முள்ளந்தண்டு போன்ற பாகங்களை ஒன்ராறியோவுக்குள் கொண்டுவர முடியாது. எலும்பு நீக்கிய இறைச்சி, தலையும் முள்ளந்தண்டும் இல்லாமல் வெட்டிப் பொதிசெய்த துண்டுகள், சதை ஒட்டாமல் சுத்தம் செய்த கொம்பு, தலையில்லாத தோல் ஆகியவை கொண்டுவரலாம். சுட்ட இடத்திலேயே ஒரு இறைச்சிக் கடைக்காரரைப் பேசி வைத்துக்கொள்வது எவ்வளவோ நிம்மதி. மான் மூத்திரம் கலந்த வாசனைத் திரவியங்களும் ஒன்ராறியோவில் தடை, வேறு மாகாணத்தில் வாங்கியதைப் பையில் மறந்து கொண்டுவராதீர்கள். சில மாகாணங்கள் இறைச்சியை வெளியே கொண்டுபோக ஏற்றுமதி அனுமதியும் கேட்கும், லைசன்ஸ் வாங்கும்போதே விசாரித்துவிடுங்கள்.

"நூறு கிலோ வந்திட்டுது. தெரிஞ்ச கடைக்காரர் வாங்கிறன் எண்டு சொல்லுறார்."

ஒன்ராறியோவில் விற்கக் கூடாது, அவர் வாங்கவும் கூடாது. உணவகத்தில் பரிமாறுவதும் அதே. சொந்தக்காரருக்குச் சும்மா கொடுக்கலாம். விற்பனை நோக்கம் என்று நிரூபித்தால் முன்பு சொன்ன 25,000 டொலர், 100,000 டொலர் வரை ஏறும். மூஸ் இறைச்சியை நம் சரக்குத்தூளில் பிரட்டினால் அயலில் யாரும் 'வேண்டாம்' என்று சொல்லப்போவதில்லை, ஃபிரீசர் தானாகக் காலியாகிவிடும்.

"பூர்வகுடி நண்பர் லைசன்ஸ் இல்லாமத்தான் சுடுறார். அவரோட போனால் எனக்கும் வேண்டாம்தானே?"

அவருக்கு வேண்டியதில்லை, உங்களுக்கு வேண்டும். அவருடைய உரிமை 1982 அரசியலமைப்பின் 35ஆம் பிரிவில் இருப்பது. 1990இல் ஸ்பாரோ வழக்கிலும், மெட்டிஸ் மக்களுக்கு 2003இல் பௌலி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பௌலி வழக்கு தொடங்கியதே சூ சென்ட் மரி அருகே சுட்ட ஒரு மூஸில் இருந்துதான். அந்த உரிமை கூடப் போகிறவருக்கு ஒட்டாது. அவருக்குமே தம் ஒப்பந்தப் பகுதிக்கு வெளியே விதி வேறு.

"ஒண்டுமே சுடேல்லை, சும்மா நனைஞ்சு போட்டு வந்தனாங்கள். ரிப்போர்ட் போடோணுமோ?"

ஒன்ராறியோவில் மான், மூஸ், கரடி, வான்கோழி லைசன்ஸ் எடுத்த யாரும் போட வேண்டும். ஒன்றும் சுடாவிட்டாலும், காட்டுக்கே போகாமல் வீட்டில் படுத்திருந்தாலும் சரி. வெளியாருக்கும் இதே விதி. ஐந்து நிமிட வேலை, இணையத்தில் போடலாம். திரும்பி வரும் வழியில் கோப்பிக் கடையிலேயே முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தால் பூட்ஸ் கழுவுவதிலேயே மறந்துபோகும்.